அமெரிக்க ஆயில் பைப்லைன் ஆக்சிடென்ட் ரிப்போர்ட்டிங்: ஓஎம்ஆர் கம்ப்ளையன்ஸ் டெஸ்க்குக்கு புதுசா வர்றவங்களுக்கு

தரமணி, சோழிங்கநல்லூர், சிறுசேரினு ஓஎம்ஆர் நெடுக அமெரிக்க ஆயில் கம்பெனிகளுக்கு பேக் ஆபீஸ் வேலை பாக்குற டீம்கள் இருக்கு. டிராயிங் போடுறவங்க, ஜிஐஎஸ் மேப் பாக்குறவங்க, இன்டெக்ரிட்டி டேட்டா பாக்குறவங்கனு எல்லாரும் ஒரு பக்கம் இருப்பாங்க, ஓரமா ஒரு நாலஞ்சு பேர் கம்ப்ளையன்ஸ் டெஸ்க்னு உக்காந்திருப்பாங்க. அங்க போஸ்டிங் விழுந்தா பசங்களுக்கு முதல் வாரம் மூஞ்சியே தொங்கிடும், மெக்கானிக்கல் படிச்சுட்டு ஃபாரம் ஃபில் பண்றதுக்கா வந்தேன்னு புலம்புவாங்க. அந்த ஃபாரம்தான் நாளைக்கு அரசாங்கம் கம்பெனி மேல கேஸ் போடும்போது மேஜை மேல வந்து உக்காரும்னு தெரிஞ்சா புலம்ப மாட்டாங்க. அந்தப் பசங்களுக்காகத்தான் இத எழுதுறேன், வரிசையா போவோம், எங்கயாவது கிளை பிரிஞ்சு போனேன்னா கண்டுக்காதீங்க.

ஒண்ணு மட்டும் இப்பவே மனசுல வச்சுக்கோங்க. எவ்வளவு எண்ணெய் கொட்டுச்சுங்கறது ஒரு கேள்வி, அது இன்ஜினியருங்க பாடு. நம்ம டெஸ்க்குக்கு வர்ற கேள்வி வேற: கம்பெனிக்கு எப்ப தெரிஞ்சுது, எத்தன மணிக்கு யார் யாருக்கு சொன்னாங்க, சொன்னதுக்கு ரெக்கார்டு எங்க. நான் பாத்த வரைக்கும் நோட்டீஸ்ல பாதி வாக்குவாதம் கடிகாரத்த வச்சுதான் நடக்குது.

முதல்ல, ஆளுங்க யார் யார்னு தெரிஞ்சுக்கோங்க

அமெரிக்காவுல பைப்லைன் சேஃப்டிய பாக்குறது அவங்க போக்குவரத்துத் துறைக்குக் கீழ இருக்குற பிஎச்எம்எஸ்ஏ, ஆபீஸ்ல எல்லாரும் ஃபிம்சான்னுதான் சொல்லுவாங்க, யாராவது எழுத்து எழுத்தா சொன்னா அவரு புதுசுனு அர்த்தம். ஆயில், பெட்ரோல், டீசல் மாதிரி திரவம் போற லைனுக்கான ரூல் எல்லாம் 49 சிஎஃப்ஆர், அதாவது அமெரிக்க மத்திய அரசு விதித் தொகுப்போட 49வது பாகம், அதுல பார்ட் 195ல இருக்கு, கேஸ் லைனுக்கு பார்ட் 191, 192, அத இங்க தொடல. அரசாங்கம் எப்படி நடவடிக்கை எடுக்கும், நோட்டீஸ் எப்படி வரும், ஹியரிங் எப்படி நடக்கும்ங்கறது பார்ட் 190. இந்த 190-ஐ யாருமே படிக்கிறதில்ல, நோட்டீஸ் வந்தப்புறம் அவசரமா படிப்பாங்க, நீங்க முன்னாடியே ஒரு தடவ படிச்சு வைங்க.

அடுத்து என்ஆர்சி, நேஷனல் ரெஸ்பான்ஸ் சென்டர், நம்மூர் பேப்பர்ல வந்த என்ஆர்சிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, அமெரிக்க கோஸ்ட் கார்டு நடத்துற 24 மணி நேர கால் சென்டர் இது. போன்ல சொல்ல வேண்டிய முதல் தகவல் இங்கதான் போகணும். பெரிய விபத்துனா என்டிஎஸ்பி, அதாவது அவங்க தேசிய போக்குவரத்து பாதுகாப்பு வாரியம், தனியா விசாரிக்கும். சுற்றுச்சூழல் சட்டத்துக்கு ஈபிஏ, கேஸ் நடத்துறதுக்கு நீதித்துறை. இதுக்கு மேல ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி ஆபீஸ் வேற இருக்கு, டெக்சாஸ்ல பைப்லைன பாக்குற ஆபீஸ் பேரு ரயில்ரோட் கமிஷன், 1891ல ரயிலுக்காக ஆரம்பிச்சது, இப்ப ரயிலுக்கும் அதுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது, பேர மட்டும் மாத்தல. என்ஆர்சிக்கு சொல்லிட்டோம்ல, மாநிலத்துக்கு எதுக்குனு விட்டுடாதீங்க, அது வேற இது வேற.

ரெண்டாவது, இது ரிப்போர்ட் பண்ற விபத்தா இல்லையா

இங்கதான் புதுசா வர்றவங்க குழம்புவாங்க, ஏன்னா லிஸ்ட் ரெண்டு இருக்கு. பார்ட் 195ல 195.50ங்கற பிரிவு சொல்றது எழுதிக் குடுக்குற ரிப்போர்ட்டுக்கான லிஸ்ட், 195.52 சொல்றது உடனே போன் அடிக்கிறதுக்கான லிஸ்ட். ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணு மாதிரி தெரியும், ஆனா ஒண்ணு இல்ல.

எழுத்து ரிப்போர்ட்டுக்கு: கம்பெனி வேணும்னே வைக்காம தீ பிடிச்சாலோ வெடிச்சாலோ, யாராவது இறந்தாலோ, ஆஸ்பத்திரில அட்மிட் ஆகுற அளவுக்கு அடிபட்டாலோ, கிளீனிங் செலவு, போன எண்ணெயோட விலை எல்லாம் சேத்து சேதம் 50,000 டாலருக்கு மேல போனாலோ, இல்லனா 5 கேலன் அல்லது அதுக்கு மேல எண்ணெய் வெளிய வந்தாலோ குடுக்கணும். 5 கேலன்னா எவ்வளவுன்னா 19 லிட்டர், அதாவது நம்ம வீட்டு வாசல்ல வந்து எறக்குற 20 லிட்டர் வாட்டர் கேன் ஒண்ணு கூட முழுசா இல்ல. அவ்வளவு கொட்டுனாலே ரிப்போர்ட். இந்த அளவு 2002 வரைக்கும் 50 பேரலா இருந்துச்சு, ஒரு பேரல் 42 கேலன்னா கணக்கு போட்டுக்கோங்க, 2,100 கேலன் வரைக்கும் கொட்டினாலும் வேற பெரிய சேதம் இல்லனா எழுதிக் குடுக்க வேண்டியதில்லனு இருந்த காலம் அது. 1999 ஜூன்ல வாஷிங்டன் மாநிலம் பெல்லிங்ஹாம்ல ஒரு பெட்ரோல் லைன் உடைஞ்சு ஓடைல ஓடி தீப்பிடிச்சு மூணு பசங்க செத்துப் போனாங்க, அதுக்கப்புறம் வந்த கெடுபிடிகள்ல ரிப்போர்ட்டிங் அளவக் குறைச்சதும் ஒண்ணு.

ஒரு விலக்கு இருக்கு. மெயின்டனன்ஸ் வேலை பாக்கும்போது 5 பேரலுக்கு உள்ள கொட்டி, தண்ணில போகாம, கம்பெனி இடத்துக்குள்ளயோ பைப்லைன் பாதைக்குள்ளயோ இருந்து, சீக்கிரமா கிளீன் பண்ணிட்டா, மத்த லிஸ்ட்லயும் எதுவும் மாட்டலனா, ரிப்போர்ட் வேண்டாம். இது எல்லாமே சேந்து இருக்கணும். ஃபீல்டுல இருந்து "மெயின்டனன்ஸ்பா, விடு"னு மெயில் வரும், அத அப்படியே எடுத்துக்காதீங்க, வேலை நடந்துட்டு இருக்கும்போது கொட்டுச்சா, கொட்டினதப் பாத்துட்டு வேலைய ஆரம்பிச்சாங்களான்னு ஒர்க் ஆர்டர் நேரத்தப் பாருங்க.

போன் லிஸ்ட்ல சாவு, ஆஸ்பத்திரி அட்மிஷன், தீ, வெடிப்பு, 50,000 டாலர் எல்லாம் அப்படியே இருக்கும், 5 கேலன் மட்டும் இருக்காது. அதுக்குப் பதிலா ரெண்டு விஷயம் வரும். ஓடை, ஆறு, ஏரி மாதிரி நீர்நிலைல கலந்து தண்ணி மேல நிறம் மாறுனாலோ கரைல படிஞ்சாலோ போன் பண்ணணும். இது எதுவும் இல்லாட்டியும் கம்பெனியே இது முக்கியமான விபத்துனு நினைச்சா பண்ணணும். இந்த டாலர் அளவு மாதிரி நம்பரெல்லாம் அப்பப்ப மாத்துவாங்க, அதனால டீம் ஷேர் டிரைவ்ல கிடக்குற பழைய பிபிடிய நம்பாதீங்க, ஈ-சிஎஃப்ஆர் சைட்ல அன்னைக்கு இருக்குற ரூலப் பாத்துதான் பேசணும்.

மூணாவது, அந்த ஒரு மணி நேரம்

இதுதான் மொத்த விஷயத்துக்கும் உயிர்நாடி, இத நிதானமா பாப்போம்.

பழைய ரூல்ல "சாத்தியமான அளவு சீக்கிரம்"னு மட்டும் இருந்துச்சு. 2012 ஜனவரில கையெழுத்தான சட்டம் ஒரு மணி நேரத்துக்குள்ள சொல்லணும்னு சொல்லுச்சு, 2017ல அது ரூலாவே வந்துடுச்சு. எதுல இருந்து ஒரு மணி நேரம்? எண்ணெய் கொட்டின நேரத்துல இருந்து இல்ல, அது உறுதியா தெரிஞ்ச நேரத்துல இருந்து. உறுதினா லேப் ரிப்போர்ட் வர்ற வரைக்கும்னு அர்த்தம் பண்ணிக்காதீங்க, கையில இருக்குற தகவல வச்சு ஒரு நியாயமான ஆளு இது ரிப்போர்ட் பண்ண வேண்டிய விபத்துதான்னு சொல்ல முடிஞ்சா போதும், அது முதல்கட்ட மதிப்பீடா இருந்தாலும் சரி, அப்படித்தான் 195.2ல இருக்கு. அந்த வரிக்கு ஒரு பிரிண்ட் எடுத்து மானிட்டர் பக்கத்துல ஒட்டிக்கோங்க.

ஒரு கற்பனை கேஸ் வச்சுப் பாப்போம். ஒரு பம்ப் ஸ்டேஷன், மதியம் 2:10க்கு ரவுண்ட்ஸ் போன டெக்னீஷியன் பம்ப் சீல்ல ஒழுகி ஜல்லி மேல எண்ணெய் நிக்கிறதப் பாக்குறாரு, சுமார் 15 கேலன் இருக்கும்ங்கறாரு. தீ இல்ல, அடி இல்ல, தண்ணி பக்கத்துல இல்ல, செலவும் 50,000 டாலர் வராது. இப்ப போன் தேவையா? தேவையில்ல. எழுத்து ரிப்போர்ட்? 15 கேலன் 5-ஐ தாண்டிடுச்சு, மெயின்டனன்ஸ் வேலையும் நடக்கல, அப்ப கண்டிப்பா உண்டு. சரினு லாக்ல போட்டுட்டு இருக்கும்போது அங்க மழை புடிக்குது, 2:40க்கு அவரே திரும்ப கூப்பிட்டு, எண்ணெய் வாய்க்கால் வழியா ஓடைக்குப் போயிடுச்சு, தண்ணி மேல வானவில் மாதிரி பளபளனு பரவுதுங்கறாரு. கடிகாரம் 2:40க்கு ஓட ஆரம்பிச்சுடுச்சு. 3:40க்குள்ள என்ஆர்சிக்கு கால் போயிருக்கணும். இதுல சூப்பர்வைசர் நேர்ல போய் பாத்துட்டு சொல்றேன்னு நாலரை மணிக்கு சொன்னாருனா, பின்னாடி விசாரணைல 2:40 கால் ரெக்கார்டத்தான் எடுத்து வைப்பாங்க, சூப்பர்வைசர் போன நேரத்த இல்ல.

நம்ம டெஸ்க்ல டிரில் நடக்கும்போது வழக்கமா வர்ற பேச்சு இது:

"அண்ணா, எவ்வளவு கேலன்னு இன்னும் தெரியல, தெரிஞ்சதும் ஹூஸ்டன் ஆபீஸுக்கு சொல்லட்டுமா?"

"தெரியலங்கறதையும் சேத்து இப்பவே சொல்லும்மா. நம்பர் அப்புறம் வரும்."

"தப்பான நம்பர் குடுத்துட்டா மாட்டிக்க மாட்டோமா?"

"எஸ்டிமேட்னு சொல்லிக் குடுத்தா திருத்திக்கலாம். லேட்டா குடுத்தத எப்படித் திருத்துவ?"

ஒண்ணு தெளிவா சொல்லிடறேன், சென்னைல உக்காந்துட்டு நீங்க என்ஆர்சிக்கு கால் பண்ண மாட்டீங்க, அது அங்க கன்ட்ரோல் ரூம்லயோ ட்யூட்டி மேனேஜரோ பண்ணுவாங்க. அதுக்கும் முன்னாடி 911க்கு, அந்த ஊர் தீயணைப்புக்கு சொல்றதெல்லாம் அவங்க வேலை, உயிர் காப்பாத்துறதுதான் முதல்ல. நம்ம வேலை ஸ்கிரிப்ட ரெடியா வச்சிருக்கிறது, கடிகாரத்த அவங்களுக்கு ஞாபகப்படுத்துறது, போன் பேசினதுக்கு என்ஆர்சி குடுக்குற ரிப்போர்ட் நம்பர வாங்கி வைக்கிறது. அந்த நம்பர் இல்லனா பேசினதுக்கு சாட்சியே இல்லனு வச்சுக்கோங்க. ஸ்கிரிப்ட்ல இருக்க வேண்டியது: கம்பெனி பேரு, விலாசம், கம்பெனியோட அடையாள எண்ணான ஓபிஐடி நம்பர், யார் பேசுறாங்க, அவங்க போன் நம்பர், எந்த இடம், எத்தன மணிக்கு, சாவு அடி ஏதாவது உண்டா, எவ்வளவு வெளிய போயிருக்கும்ங்கற முதல் கணக்கு, வேற முக்கியமா தெரிஞ்சது. அந்த முதல் கணக்க எப்படிப் போடுறதுனு கம்பெனிகிட்ட எழுத்துல ஒரு நடைமுறை இருக்கணும்னும் ரூல் சொல்லுது, இன்ஸ்பெக்டர் வந்தா அத கேப்பாரு, நம்ம ஃபோல்டர்ல அது எங்க இருக்குனு இன்னைக்கே தேடி வைங்க.

ஏன் இவ்வளவு கெடுபிடினு கேட்டா, 2010 ஜூலை 25 சாயங்காலம் மிச்சிகன்ல மார்ஷல்ங்கற ஊர்கிட்ட என்பிரிட்ஜ் கம்பெனியோட 30 இன்ச் லைன் 6பி உடைஞ்சுது. கன்ட்ரோல் ரூம் இருந்தது கனடால எட்மன்டன்ல. அலாரம் மேல அலாரம் வருது, லைன்ல வெற்றிடம் விழுந்திருக்கும்னு நினைச்சு ரெண்டு தடவ திரும்ப பம்ப் பண்ணாங்க, 17 மணி நேரத்துக்கு மேல ஆச்சு லீக்னு தெரிய, அதுவும் அவங்களா கண்டுபிடிக்கல, உள்ளூர் கேஸ் கம்பெனி ஊழியர் ஒருத்தர் போன் பண்ணி சொன்னாரு. எட்டு லட்சம் கேலனுக்கு மேல போயி கலமாசூ ஆறு நாறிடுச்சு. ஃபிம்சா போட்ட அபராதம் 37 லட்சம் டாலர், அந்த சமயத்துல அவங்க வரலாற்றுலயே பெரிய தொகை. பதினோரு வருஷம் கழிச்சு 2021 அக்டோபர்ல கலிஃபோர்னியா கடல்ல, கப்பல் நங்கூரம் இழுத்து சேதமான ஒரு லைன்ல, அதே கதை. முந்தின நாள் சாயங்காலம் நாலு மணிக்கு மேல இருந்தே லீக் அலாரம் அடிக்குது, பொய் அலாரம்னு நினைச்சு நிறுத்தி நிறுத்தி ஓட்டுறாங்க, மறுநாள் காலைலதான் தகவல் போச்சு.

தெரிஞ்ச நேரம் எதுன்னு சண்டை வர்றது இந்த மாதிரி இடத்துலதான். அலாரம் அடிச்ச நேரமா, ஆளு போய்ப் பாத்த நேரமா? ஒரு அலாரம் மட்டும் வந்தா விவாதிக்கலாம். பிரஷர் இறங்கியிருக்கு, ஃப்ளோ ஒத்துப் போகல, வெளில இருந்து யாரோ நாத்தம் அடிக்குதுனு போன் பண்ணியிருக்காங்க, மூணும் சேந்தா அதுக்கு மேல "ஆளு போகட்டும்"னு காத்திருக்கிறது என் கணக்குல பொறுப்பில்லாத வேலை.

நாலாவது, 48 மணி நேரம்

முதல் போன்ல சொன்ன கணக்க, உறுதியா தெரிஞ்ச நேரத்துல இருந்து 48 மணி நேரத்துக்குள்ள திரும்ப கூப்பிட்டு, மாறியிருந்தா திருத்தணும், மாறலனா மாறலன்னு உறுதிப்படுத்தணும். மாறாதப்ப கூப்பிட மறந்துடுறாங்க, நிறைய பேர் வழுக்குறது இதுலதான். அவுட்லுக்ல ரிமைண்டர் போடுங்க, 48க்கு இல்ல, 40க்கு போடுங்க.

இதே சமயத்துல ஓடிட்டிருக்கிற இன்னொரு கடிகாரம் ஆல்கஹால், டிரக் டெஸ்ட். விபத்துல யாரோட வேலை காரணமா இருந்திருக்கலாமோ அவங்களுக்கு ஆல்கஹால் டெஸ்ட் 2 மணி நேரத்துல பண்ணலனா ஏன்னு எழுதி வைக்கணும், 8 மணி நேரம் தாண்டுனா முயற்சிய நிறுத்திட்டு அதையும் எழுதணும். டிரக் டெஸ்ட்டுக்கு 32 மணி நேரம். 30 நாள் ஃபாரம்ல இதுக்குனு தனி பார்ட்டே இருக்கு.

அஞ்சாவது, 30 நாள் ஃபாரம்

பேரு பிஎச்எம்எஸ்ஏ எஃப் 7000-1. ஆன்லைன் போர்ட்டல்ல போடணும், விபத்து தெரிஞ்சதுல இருந்து எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு சீக்கிரம், எப்படிப் போனாலும் 30 நாள் தாண்டக்கூடாது. 30 நாள்னா காலண்டர் நாள், நம்ம தீபாவளி லீவு, அவங்க தேங்க்ஸ்கிவிங் லீவு எல்லாம் அதுக்குள்ளயே அடக்கம்.

பார்ட் ஏ-தான் உங்க குடுமி சிக்குற இடம். அங்க விபத்து நடந்த தேதி நேரம், கம்பெனி அத கண்டுபிடிச்ச நேரம், ஆளுங்க ஸ்பாட்டுக்கு வந்த நேரம், என்ஆர்சிக்கு சொன்ன நேரம், ரிப்போர்ட் நம்பர்னு எல்லாம் வரிசையா கேப்பான். எல்லாமே விபத்து நடந்த ஊரோட உள்ளூர் நேரம். ஹூஸ்டன்ல கோடைல மதியம் 3 மணினா நமக்கு மறுநாள் ராத்திரி ஒன்றரை, குளிர்காலத்துல அதே 3 மணி நமக்கு ரெண்டரை. நைட் ஷிஃப்ட்ல நம்ம லாக்ல நம்ம தேதியப் போட்டு வச்சு, அத அப்படியே ஃபாரம்ல ஏத்துனா, சொன்ன தேதி ஒரு நாள் தள்ளி நிக்கும், ஒரு மணி நேரத்துல சொன்ன கம்பெனி 25 மணி நேரம் கழிச்சு சொன்ன மாதிரி ஆயிடும். லாக்ல ரெண்டு கட்டம் போடுங்க, சென்னை நேரம் ஒண்ணு, சைட் நேரம் ஒண்ணு, டெக்சாஸ்லயே மேற்குக் கோடில எல் பாசோ பக்கம் வேற டைம் ஜோன்ங்கறதையும் மறந்துடாதீங்க.

பார்ட் ஜி-ல காரணம். அரிப்பு, இயற்கை, தோண்டினதால சேதம், வேற வெளி சக்தி, மெட்டீரியல் இல்லனா வெல்டு, எக்யூப்மென்ட், தப்பா இயக்குனது, மத்தவைனு எட்டு பெட்டி. காரணம் இன்னும் தெரியலனா அவசரப்பட்டு ஒண்ண டிக் அடிக்காதீங்க, இன்னும் விசாரணைல இருக்குனு சொல்ல வழி இருக்கு. அடுத்து பார்ட் எச், கதை எழுதுற இடம். இங்க பசங்க எழுதுறதப் பாத்தா ரெண்டு வகை, ஒண்ணு ஒரே வரி, "லீக் ஆச்சு, சரி பண்ணியாச்சு". இன்னொண்ணு கம்பெனி விளம்பரம் மாதிரி, "எங்கள் குழு துரிதமாக செயல்பட்டு". ரெண்டும் வேண்டாம். மணி வாரியா என்ன நடந்துச்சு, யாருக்கு என்ன தெரிஞ்சுது, என்ன பண்ணாங்க, அவ்வளவுதான். பார்ட் ஏ-ல இருக்குற நேரமும் இங்க இருக்குற நேரமும் ஒத்துப் போகுதானு இன்னொரு ஆளு உக்காந்து பாக்கணும், எழுதினவங்களே பாத்தா கண்ணுக்குத் தெரியாது.

சின்ன கொட்டலுக்கு ஃபாரம் முழுசும் தேவையில்ல, கொஞ்சம் பகுதி போதும், எந்தெந்த பகுதினு ஃபாரம் இன்ஸ்ட்ரக்‌ஷன்லயே இருக்கு.

போட்டதோட வேலை முடியாது. புது தகவல் வந்தா சப்ளிமென்டல் ரிப்போர்ட், அது தெரிஞ்சதுல இருந்து 30 நாளுக்குள்ள. இதுக்கு நல்ல உதாரணம் 2020 ஆகஸ்ட்ல வட கரோலினால ஹன்டர்ஸ்வில். ரெண்டு டீன் ஏஜ் பசங்க ஒரு வனப்பகுதில வண்டி ஓட்டிட்டு போனப்ப பெட்ரோல் பொங்குறதப் பாத்து சொன்னாங்க, கொலோனியல் பைப்லைன். முதல்ல வந்த கணக்கு 63,000 கேலன், போகப் போக ஏறி ஏறி கடைசில சுமார் 20 லட்சம் கேலன்ல வந்து நின்னுச்சு. மண்ணுக்குள்ள போன பெட்ரோல முதல் நாளே சரியா அளக்க முடியாது, அது யாருக்கும் புரியும். ஆனா ஒவ்வொரு தடவ நம்பர் மாறும்போதும் எப்ப மாறுச்சு, எந்த டேட்டாவால மாறுச்சுனு காட்ட முடியணும், நம்மகிட்ட ஃபைல் பண்றவங்க சேத்து வைக்க வேண்டியது அந்தத் தொடர்ச்சிய.

ஆறாவது, அரசாங்கம் கதவ தட்டும்போது

ஃபிம்சாகிட்ட பல ஆயுதம் இருக்கு. லேசான விஷயத்துக்கு வார்னிங் லெட்டர், பதில் கூட போட வேண்டாம், ஆனா அது ரெக்கார்டுல நிக்கும். நடைமுறை எழுத்துலயே ஓட்டை இருந்தா நோட்டீஸ் ஆஃப் அமென்ட்மென்ட், அதாவது எழுதினத திருத்துனு. ரூல மீறியிருக்கலாம்னு தோணுனா என்ஓபிவி, அதாவது நோட்டீஸ் ஆஃப் ப்ராபபிள் வயலேஷன், வரும், அதுல அபராதத் தொகை இருக்கலாம், இன்னது பண்ணுனு கட்டளை இருக்கலாம், ரெண்டும் இருக்கலாம். லைனே ஆபத்தா இருக்குனா கரெக்டிவ் ஆக்‌ஷன் ஆர்டர், பிரஷர குறை, லைன நிறுத்துனு சொல்றது.

என்ஓபிவி வந்தா 30 நாளுக்குள்ள பதில் போகணும். ஒத்துக்கலாம், எழுத்துல விளக்கம் குடுக்கலாம், ஹியரிங் கேக்கலாம். பதிலே போடலனா எதிர்க்குற உரிமை போச்சு. கேஸ் நம்பர் சிபிஎஃப்னு ஆரம்பிக்கும், அந்த நம்பர எல்லா மெயில் சப்ஜெக்ட்லயும் போடுங்க, இல்லனா வருஷக் கணக்கா இழுக்குற கேஸ்ல பேப்பர தேடியே செத்துடுவீங்க.

அபராதம் எவ்வளவுனா, 2012 சட்டப்படி அடிப்படை ரேட் ஒரு மீறலுக்கு ஒரு நாளைக்கு 2 லட்சம் டாலர் வரைக்கும், சம்பந்தப்பட்ட தொடர் மீறலுக்கு மொத்தமா 20 லட்சம் டாலர் வரைக்கும், அதுக்கப்புறம் விலைவாசிக்கு ஏத்த மாதிரி ஏத்திட்டே வர்றாங்க. அதுக்கு முன்னாடி இதுல பாதிதான். "ஒரு நாளைக்கு"ங்கறது சும்மா இல்ல, 30 நாள் ஃபாரம 45வது நாள் போட்டா பதினஞ்சு நாள் மீறல்னு எண்ண முடியும். தொகைய முடிவு பண்ணும்போது மீறல் எவ்வளவு பெருசு, தப்பு எந்த அளவுக்கு கம்பெனியோடது, முன்னாடி இப்படி பண்ணியிருக்காங்களா, நல்லெண்ணத்தோட சரி பண்ணப் பாத்தாங்களானு பாப்பாங்க. நம்ம லாக் உதவுறது அந்தக் கடைசி ரெண்டுல.

ஃபிம்சா அபராதம் மட்டும்னா பெரிய கம்பெனி கட்டிட்டுப் போயிடும், உண்மைய சொன்னா பல பேருக்கு அது கொசுக்கடி. பயமுறுத்துறது கிரிமினல் பக்கம். 2015 மே 19 கலிஃபோர்னியா சான்டா பார்பரா பக்கம் ரெஃபூஜியோ கடற்கரைல பிளெய்ன்ஸ் ஆல் அமெரிக்கன் கம்பெனி லைன் 901 அரிச்சுப் போயி உடைஞ்சுது. காலைல 11 மணி வாக்குல உடைஞ்ச லைனுக்கு, கம்பெனில இருந்து என்ஆர்சிக்கு தகவல் போனது மதியம் மூணு மணிக்கு கொஞ்சம் முன்னாடி. 2018 செப்டம்பர்ல ஜூரி குற்றவாளினு சொன்ன லிஸ்ட்ல லைன சரியா பராமரிக்கலங்கறதோட, அவசர ஏஜென்சிகளுக்கு நேரத்துல சொல்லலங்கறதும் இருந்துச்சு. அடுத்தது சம்மிட் மிட்ஸ்ட்ரீம், வடக்கு டகோட்டா. அது ஆயில் லைன் கூட இல்ல, ஆயில் கிணத்துல இருந்து வர்ற உப்புத் தண்ணி லைன், பார்ட் 195 கேஸ் இல்ல, கிளீன் வாட்டர் ஆக்ட் கேஸ். 2014 ஆகஸ்ட்ல இருந்து 2015 ஜனவரி வரைக்கும் மாசக் கணக்கா கொட்டிட்டே இருந்திருக்கு, 2021ல கம்பெனி ஒத்துக்கிட்ட தொகை அபராதங்கள் எல்லாம் சேத்து 3.5 கோடி டாலர், அதுல உடனே ரிப்போர்ட் பண்ணலங்கற கிரிமினல் குற்றமும் சேத்தி. லீட் யாராவது "ரிப்போர்ட்டிங் எல்லாம் பேப்பர் மீறல்தானே"னு சொன்னா இந்த ரெண்டு கேஸையும் பேர் சொல்லாம ஃபார்வர்டு பண்ணுங்க.

நம்மூர் பக்கம்

இவ்வளவு நேரம் டெக்சாஸ் பேசியாச்சு, மணலி பேசலனா மனசு ஆறாது. நாளைக்கு நீங்க இந்திய கம்பெனிக்கு மாறலாம், அதுக்கும் உதவும். பெட்ரோலியம் ஆக்ட் 1934, செக்‌ஷன் 27 படி தீயோ வெடிப்போ நடந்து உயிர்ச்சேதம், பெரிய காயம், பெரிய சேதம் ஆச்சுனா பக்கத்து மாஜிஸ்ட்ரேட் இல்லனா போலீஸ் ஸ்டேஷனுக்கும் எக்ஸ்ப்ளோசிவ்ஸ் சீஃப் கன்ட்ரோலருக்கும் சொல்லணும், அவங்க சவுத் சர்க்கிள் ஆபீஸ் நுங்கம்பாக்கம் ஹேடோஸ் ரோடு சாஸ்திரி பவன்ல இருக்கு. தண்ணில கலந்தா வாட்டர் ஆக்ட் 1974, செக்‌ஷன் 31, நம்ம மாநிலத்துல கிண்டில இருக்குற மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். பைப்லைன் ரெகுலேட்டர் பிஎன்ஜிஆர்பி. கடல்ல போனா கோஸ்ட் கார்டு.

சட்டம் இருக்கு. ஆனா 2017 ஜனவரில எண்ணூர்ல ரெண்டு கப்பல் மோதினப்ப முதல்ல வந்த தகவல் சுற்றுச்சூழலுக்கு பாதிப்பு இல்லங்கற மாதிரிதான் வந்துச்சு, அப்புறம் வாலண்டியருங்க பக்கெட்ல கசடு அள்ளுனத எல்லாரும் டிவில பாத்தோம். அது கப்பல், பைப்லைன் இல்ல, ஆனா வியாதி ஒண்ணுதான். 2013ல தண்டையார்பேட்டைல போர்வெல்ல எண்ணெய் வந்து, அடிச்ச தண்ணிய வாளில வச்சு மோந்து பாத்து முதல்ல சத்தம் போட்டது அந்தத் தெரு ஜனங்கதான். 2023 மார்ச்ல நாகூர் பட்டினச்சேரில கச்சா எண்ணெய் லைன் கசிஞ்சப்ப கரைல நின்னு போராடினது மீனவர்கள். ஹன்டர்ஸ்வில் பசங்களையும் மிச்சிகன் கேஸ் ஊழியரையும் இதோட சேத்துப் பாருங்க, முதல் தகவல் எங்க இருந்து வருதுனு தெரியும். அதனால வெளி ஆளு யாராவது கூப்பிட்டு நாத்தம் அடிக்குதுனு சொன்னா அந்த போன் தகவல லாக்ல முதல் வரியா ஏத்துங்க, நேரத்தோட, அவங்க சொன்ன வார்த்தையோட.

பழகுறதுக்கு ஒரு வழி

டிரெயினிங் வீடியோ பாத்து இது வராது. ஃபிம்சா சைட்ல என்ஃபோர்ஸ்மென்ட் கேஸ்கள் பொதுவுல கிடக்கு, நோட்டீஸ், கம்பெனி பதில், ஃபைனல் ஆர்டர் எல்லாம் பிடிஎஃப்பா. விபத்து டேட்டாவும் எக்செல்லா டவுன்லோடு பண்ணலாம், கம்பெனிங்க எழுதின அந்தக் கதைப் பகுதியும் அதுலயே வரும். லைன் 901 பத்தி ஃபிம்சா போட்ட விசாரணை அறிக்கைய எடுத்துக்கோங்க, ஒரு தாள்ல இடது பக்கம் மணி, நடுவுல என்ன தெரிஞ்சுது, வலது பக்கம் யாருக்கு சொன்னாங்கனு மூணு கட்டம் போட்டு நீங்களே நிரப்புங்க. எந்த வரில ஒரு மணி நேர கடிகாரம் ஆரம்பிக்குதுனு சிவப்பு பேனால ஒரு கோடு போடுங்க. அதே தாள பக்கத்து சீட் ஆளுகிட்ட குடுத்து அவரையும் தனியா கோடு போடச் சொல்லுங்க, ரெண்டு கோடும் வேற வேற வரில விழுந்தா ரெண்டு பேரும் 195.2-ஐ திறந்து வச்சு சண்டை போடுங்க, லீட கூப்பிடாதீங்க, அவருக்கு மூணாவதா ஒரு வரி இருக்கும்.